ஓநாய்க்குள் இருந்தவள்

பொழுது சாயும்போது வில்னியஸில் டிராம்கள் தாமாகவே நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் ஃபோனை மடியில் கவிழ்த்து வைப்பார்கள். ரொட்டிக் கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுப்பார். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகூடக் கொஞ்ச நேரம் வாயை மூடுவார்கள். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். குன்றின் மேல் இரும்பு ஓநாய் தலையைத் தூக்கும்.

முதலில் ஒரே ஒரு குரல் வரும். அண்மையில் இறந்துபோன ஒருவருடைய குரல். இந்த ஊரில் முதல் தடவை படுத்துத் தூங்கிய இரவில் தான் கண்ட கனவை அவர் சொல்வார். பிறகு அந்தக் குரல் நீண்டு, நீண்டு, ஊளையாகி, ஏற்கெனவே உள்ளே இருக்கிற லட்சக்கணக்கான குரல்களோடு சேர்ந்துகொள்ளும். நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். இன்னும் அந்த நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இத்தனைக்கும் எனக்குச் சம்பளம் தருவதே அந்த ஓநாய்தான்.

என் பெயர் பவளக்கொடி. குன்றின் அடிவாரத்தில் இருக்கும் கனவு மன்றத்தில் வேலை. கனவுக்குப் பொருள் சொல்லும் கனவுரைஞர் வேறு. நான் தமிழ்க் குரல்களைக் கேட்டு, மொழிமாற்றி இயந்திரம் சரியாகப் பெயர்த்திருக்கிறதா என்று பார்ப்பவள். வேலை குறைவு. என்னுடைய அப்பா அம்மா காலத்தில் கடற்கரையிலிருந்து வந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கனவே பதிவாகவில்லை. வந்தவர்கள் கனவு காணாத ஜனம் என்று மன்றத்தில் பேசிக்கொள்வார்கள், இரக்கத்தோடுதான்.

எங்கும் இல்லாத இந்த வழக்கம் இங்கே ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. பெருங்கோமகன் கெடிமினாஸ் இந்தப் பக்கம் காட்டெருது வேட்டைக்கு வந்தார். வில்னியா ஆறு நெரிஸ் ஆற்றில் கலக்கிற பள்ளத்தாக்கில் அசந்து தூங்கினார். கனவில் குன்றின் மேல் ஓர் இரும்பு ஓநாய். அதற்குள் நூறு ஓநாய்கள் இருப்பதுபோல அது ஊளையிட்டது. காலையில் லிஸ்டெய்கா என்ற பூசாரி பொருள் சொன்னார். இரும்பு என்றால் அசைக்க முடியாத நகரம், ஊளை என்றால் உலகமெங்கும் பரவப்போகும் அதன் புகழ். அப்படித்தான் வில்னியஸ் பிறந்தது என்பது இந்த ஜனங்களின் நம்பிக்கை. நடந்ததா என்று கேட்டால் சிரிப்பார்கள். நடக்காததின் மேல் கட்டிய ஊர் இது, அதனால்தான் யார் இடித்தாலும் விழவில்லை என்பார்கள்.

பிறகு ஒரு காலம் வந்தது. இங்கே பிள்ளைகள் பிறப்பது குறைந்தது, வீடுகள் காலியாயின. அங்கே எங்கள் தமிழ்க் கரையில் கடல் ஏறியது, ஊர்கள் காலியாயின. கெடிமினாஸ் அந்தக் காலத்தில் வெளிநாட்டு நகரங்களுக்குக் கடிதம் எழுதி, கைவினைஞர்களே வாருங்கள், உழவர்களே வாருங்கள் என்று அழைத்தாராம். அதே நடையில் அரசு மறுபடியும் அழைப்பு விடுத்தது. இரும்பு மெழுகாகும், தண்ணீர் எஃகாகும், ஆனால் கொடுத்த வாக்கு மாறாது என்ற அவருடைய பழைய வரியையும் சேர்த்தார்கள். எங்கள் ஆட்கள் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அழைத்தவர்கள் ஒரு விதியும் வைத்திருந்தார்கள். ஓர் ஊரை ஒரு கனவு தொடங்கிவைத்தது என்றால், வருகிற ஒவ்வொருவரும் அதைப் புதிதாகத் தொடங்கிவைக்க வேண்டும். முதல் இரவுக் கனவைச் சொல்லிப் பதிவு செய்பவர் ஊர்க்காரர். அவர் இறந்ததும் கனவுரைஞர் அதற்குப் பொருள் சொல்வார், நகரம் அதில் ஏதாவது ஒன்றைக் கட்டும். ஒரு சலவைக்காரி கனவில் கண்ட பேரிக்காய் மரம் இன்றைக்கும் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்று காய்க்கிறது. இங்கே பிறந்த எங்களைப் போன்றவர்களுக்கு, பிள்ளை பெற்ற இரவில் தாய் காணும் கனவே கணக்கு. கனவு இல்லாதவர் கடைசிவரை விருந்தினர். நன்றாகத்தான் நடத்துவார்கள். ஆனால் குரல் ஓநாய்க்குள் போகாது. சாம்பல், பழைய கோமகன்களை எரித்ததாகச் சொல்லப்படும் பள்ளத்தாக்கில் சேராது. பிறந்த ஊருக்கு அனுப்பப்படும்.

முதல் பனி விழுந்த வாரத்தில் வேதநாயகம் மன்றத்துக்கு வந்தார். நகரத்தின் வெந்நீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கிறவர். ஆள் ஒல்லி, மீசை மட்டும் கனம். கையில் துணி சுற்றிய ஒரு சிறிய கலசம். அவர் மனைவி அமிர்தவல்லி நான்கு நாளைக்கு முன் இறந்திருந்தாள்.

"பிறந்த ஊருக்கு அனுப்புறோம்னு சொல்றாங்க தாயி. எங்க அனுப்புவாங்க? ஊரு கடலுக்குள்ள இருக்கு. மீனுக்கு விலாசம் எழுதுவாங்களா?"

திரையில் பார்த்தேன். அவர் பெயருக்கு நேராக வெள்ளைக் குதிரைக் கனவு, மிக உயர்ந்த மதிப்பு. அவள் பெயருக்கு நேராக, கனவு பதிவாகவில்லை.

"உங்களுக்குக் கனவு இருக்குதே ஐயா. வெள்ளைக் குதிரைல ஒரு வீரன் வந்தானாமே."

அவர் தலையைச் சொறிந்தார். "அது வந்து... அந்த மேசை மேல ஒரு முத்திரை இருந்திச்சு. அதுல குதிரை இருந்திச்சு. வாய்க்கு வந்ததச் சொன்னேன்." நாட்டுச் சின்னத்தையே கனவாகச் சொல்லித் தப்பித்திருக்கிறார் மனிதர். மன்றத்தில் அந்தக் கனவைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பின்ன அந்தக் கேள்விக்கு உண்மையவா சொல்ல முடியும்?"

"என்ன கேள்வி?"

அவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கலசத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நீ மவ மாதிரி. எப்புடிச் சொல்றது? முதலிரவுல என்ன கனவு கண்டேன்னு கேட்டுச்சு அந்த மிஷினு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. 

லிதுவேனிய மொழியில் முதல் இரவு என்றால் முதல் இரவுதான். இயந்திரம் இரண்டு சொல்லையும் ஒட்டிவிட்டது. அது ஒட்டியதும் கேள்வி படுக்கையறைக்குள் போய்விட்டது. இங்கே வந்து சேர்ந்த ஒவ்வொரு தமிழனிடமும் தமிழச்சியிடமும், கல்யாணமானவர், ஆகாதவர், கிழவர், கன்னியாஸ்திரி என்று பார்க்காமல், அது அதையே கேட்டிருக்கிறது. எங்கள் ஆட்களும் ஊரோடு ஒத்து வாழ் என்று, இந்த நாட்டு வழக்கம் இப்படி அசிங்கமாக இருக்கும்போலிருக்கிறது என நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர்கூட அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பதில் சொல்லாதவர் விருந்தினர். காறித் துப்பியவர் விருந்தினர். என் அம்மாவும் அப்படித்தான் விருந்தினர் ஆகியிருப்பாள். கோபம் தலைக்கேறியது.

"உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியுமா?"

"தனித்தனிக் கூண்டுலதானே நிக்க வச்சுக் கேட்டாங்க? வெளிய வந்ததும் மூஞ்சி ஒரு மாதிரி இருந்திச்சு. நானும் கேக்கல, அவளும் சொல்லல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் போனா என் குரல் அந்த ஓநாய்க்குள்ள போயிரும் தாயி. பொய் சொன்னவன் உள்ள, அவ வெளிய. அவ இல்லாம நான் அங்க போயி யார்கூடப் பேசிக்கிட்டுக் கெடப்பேன்?"

அவரை அழைத்துக்கொண்டு தலைமைக் கனவுரைஞரிடம் போனேன். அவர் பெயர் ரஸா. அவர்கள் மொழியில் பனித்துளி என்று அர்த்தம். தமிழர்களுக்காகவே தமிழ் கற்றவர், ஆனால் புத்தகம் வைத்துக் கற்றவர். பேசினால் கல்வெட்டைப் படிப்பதுபோல இருக்கும். வேதநாயகம் அவரை "ராசா" என்று கூப்பிட்டார். பெயரைத் தவறாக உச்சரிக்கிறார் என்று ரஸா நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

ஒட்டிய சொல்லைப் பற்றிச் சொன்னேன். ரஸாவின் முகம் வெளுத்தது. தமிழர்களின் கனவைக் கடல் தின்றுவிட்டது என்று ஆய்வு எழுதி, பேர் வாங்கியவர் அவர். ஆனாலும் தப்பிக்கப் பார்க்கவில்லை.

"உயிரோடு இருப்போரிடம் மீண்டும் கேட்கலாம்," என்றார். "அதை இன்றே தொடங்குவேன். இறந்தவரிடம் எவ்வாறு கேட்பது?"

"அவுங்க சொன்னது குரற்பேழைல பதிவா இருக்கும். யாரும் கேக்காமலே தள்ளிட்டாங்க. நாம கேப்போம்."

குரற்பேழை இருக்கும் அறையில் ஜன்னல் கிடையாது. மூவரும் உட்கார்ந்தோம். முதலில் இயந்திரத்தின் குரல், தேனில் குழைத்ததுபோல: "உங்கள் முதலிரவில் என்ன கனவு கண்டீர்கள்? தயங்காமல் விரிவாகச் சொல்லுங்கள்." ரஸா கண்களை மூடிக்கொண்டார்.

"ஐய," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். வேதநாயகத்தின் கை கலசத்தின் மேல் இறுகியது.

"உங்கள் பதில் இந்நகரத்துக்கு மிகவும் முக்கியமானது."

பிறகு அவள் பேசினாள்.

"கனவா? அன்னைக்கி யாரு தூங்குனா? கல்யாணத்தன்னிக்கி சாயங்காலமே தண்ணி வந்திடிச்சு. சோறு எலையிலேயே கெடந்திச்சு. எல்லாரும் மணல்மேட்டுக்கு ஓடுனோம். மேட்டு மேல பழைய தூர் வார்ற படகு ஒண்ணு, முழுக்க இரும்பு, துருப்பிடிச்சிக் கெடக்கும். அதுக்குள்ள எறங்கிட்டோம். நூறு பேரு இருக்கும். கும்மிருட்டு. வெளிய தண்ணி மோதுது, உள்ள நாங்க கத்துறோம். இரும்பு இல்லயா, ஒருத்தரு கத்துனா ஊரே கத்துன மாதிரி கேக்குது. யாரு இருக்கா, யாரு போயிட்டான்னு தெரியல. அப்ப சமையலுக்கு வந்தவரு ஒருத்தரு சொன்னாரு, சும்மா கத்தாதீங்க, பேரச் சொல்லிக் கூப்புடுங்க, கூப்புட்டா இருக்கேன்னு சொல்லுங்கன்னு. விடிய விடியக் கூப்புட்டுக்கிட்டே கெடந்தோம்."

அவள் அங்கே பேச்சை நிறுத்தி, அன்று கூப்பிட்டது போலவே கூப்பிட்டுக் காட்டினாள். செல்லக்கண்ணு. வீராயி சித்தி. ஆசைத்தம்பி. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"அவுங்க பேர நான் எப்புடிச் சொல்றது? தாலி கட்டி ஒரு நாளு ஆவல. எல்லாரும் பேரு சொல்லிக் கூப்புடுறாங்க, நான் மட்டும் என்னங்கன்னேன். இருட்டுக்குள்ளேருந்து இருக்கேன்னாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்திச்சு. விடிஞ்சப்ப சில பேரு பதிலு சொல்லல. அதான் எங்க முதலிரவு. போதுமா?"

"நன்றி," என்றது இயந்திரம். "கனவு பதிவாகவில்லை."

வேதநாயகம் அழவில்லை. துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டிருந்தார். ரஸா குரற்பேழையை நிறுத்தினார். பேசியபோது அவர் தமிழ் மேலும் கல்வெட்டாகியிருந்தது.

"இது கனவன்று. நிகழ்ந்தது. நிகழ்ந்தவை வரலாற்றுக்கு உரியவை. இந்நகரம் நிகழாதவற்றின் மேல் நிற்கிறது. விதியை நான் வளைத்தால் நாளை எவரும் வளைப்பர். மன்னியுங்கள்."

"ராசா," என்றார் வேதநாயகம், "நீங்க கேட்டீங்க. அவ சொன்னா. கேள்வி தப்புன்னா அது அவ தப்பா? இரும்பு மெழுகானாலும் வாக்கு மாறாதுன்னு எழுதித்தானே எங்களக் கூப்புட்டீங்க?"

ரஸா எழுந்தார். கதவுவரை போனார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ரஸா, அந்தப் படகு எங்க இருந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"மணல்மேட்டில்."

"குன்று மேல. எதால செஞ்சது?"

அவர் திரும்பினார். அவர் உதடுகள் லிதுவேனிய மொழியில் எதையோ முணுமுணுத்தன. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் படிக்கிற வாக்கியம்தான் அது. குன்றின் மேல் இரும்பால் ஆன ஒன்று, அதற்குள் நூறு குரல்.

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"எழுநூறு ஆண்டுகள்," என்றார். "ஊளை என்றால் புகழ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எவர் சொன்னது? லிஸ்டெய்கா. அவர் கோமகனின் பூசாரி. கோமகனுக்குப் பிடித்ததைச் சொன்னார். உள்ளே இருந்த நூறு பேர் எதற்காகக் கத்தினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கெடிமினாஸ் அதை வெளியிலிருந்து கண்டார், தூங்கிக்கொண்டே. உள்ளே இருந்தவர் எவரும் இதுவரை வந்து நமக்குச் சொன்னதில்லை."

அவர் வேதநாயகத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். வணக்கம் சொல்வதற்காகப் புத்தகத்தில் கற்ற கைகூப்பல்தான், ஆனால் அன்று அது வேறாக இருந்தது.

"உங்கள் மனைவி கனவைச் சொல்லத் தேவையில்லை ஐயா. அவர் இந்நகரின் கனவுக்குள் இருந்தவர்."

ஒரு கடற்கரை மேட்டில் துருப்பிடித்துக் கிடந்த தூர்வாரும் படகை, எழுநூறு வருஷம் முன்னால், பனிக்காட்டில் படுத்திருந்த ஒருவர் எப்படிக் கண்டிருக்க முடியும்? கண்டிருக்க முடியாதுதான். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறையில் நான் அதை நம்பினேன்.

"இதிலிருந்து நகரம் எதைக் கட்டணும்?" என்று கேட்டேன். அதைச் சொல்ல வேண்டியது கனவுரைஞரின் கடமை.

"ஒன்றையும் கட்ட வேண்டியதில்லை," என்றார் ரஸா. "ஓநாய் இத்தனை காலம் பேசிக்கொண்டே இருந்துவிட்டது. அது சற்றுக் காத்திருக்கட்டும்."

மறுநாள் பொழுது சாய்ந்தபோது பள்ளத்தாக்கில் நின்றோம். பனி விழுந்துகொண்டிருந்தது. வேதநாயகத்தின் கலசத்திலிருந்த சாம்பலை மண் வாங்கிக்கொண்டிருந்தது. ரஸாவின் தீர்ப்பை நகரம் முழுவதும் அறிவித்திருந்தார்கள், ஒட்டிய சொல்லின் கதையையும் சேர்த்து. லிதுவேனியர்கள் வெட்கப்பட்டார்கள். தமிழர்கள் முப்பது நாற்பது வருஷமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பை ஒரே நாளில் சிரித்துத் தீர்த்தார்கள். பாலத்தில் டிராம் நின்றது. குன்றின் மேல் ஓநாய் தலையைத் தூக்கியது.

அமிர்தவல்லி பேசினாள். அவள் குரல் ஆற்றின் மேல் போய், தேவாலயக் கோபுரங்களில் பட்டுத் திரும்பியது. கல்யாணச் சோறு, தண்ணீர், இரும்பு, இருட்டு. பிறகு கூப்பிட்டாள்.

"செல்லக்கண்ணு."

ஓநாய் நிறுத்தியது. அது நிறுத்திக் காத்திருந்ததை இந்த ஊர் முன்பு கண்டதில்லை. டிராம் நிறுத்தத்தில் ஊன்றுகோலோடு நின்ற ஒருவர், செல்லக்கண்ணுவேதான், குல்லாயைக் கழற்றினார். "இருக்கேன்," என்றார்.

"வீராயி சித்தி."

ரொட்டிக் கடை வாசலில் மாவுக் கையோடு ஒருத்தி நின்றாள். வீராயியின் மகள். "இருக்கேன்," என்று கத்தினாள், தாய்க்காக.

"ஆசைத்தம்பி."

பதில் இல்லை. எங்களில் வயதானவர்களுக்கு அது தெரியும். அன்று விடிந்தபோதும் அவன் பதில் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாதவன், அவனுக்கென்று ஒருவரும் இல்லை. ஓநாய் அசையாமல் காத்திருந்தது. அப்போது பாலத்தின் மேலிருந்து டிராம் ஓட்டுநர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாத லிதுவேனியர், முந்தின இரண்டு முறை கேட்டதை வைத்து, நாக்கு தடுமாற, "இருக்கேன்," என்றார். பின்னால் வண்டிக்குள்ளிருந்து இன்னொரு குரல். அக்கரையிலிருந்து இன்னும் பல. பனிக்குள் முகம் தெரியாத குரல்கள். கடலில் போன ஒருவனுக்காக ஒரு நகரமே பதில் சொன்னது. நான் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

பெயர்கள் முடிந்தன. ஓநாய் மூச்சு வாங்கியதுபோல இருந்தது.

"என்னங்க," என்றது, வில்னியஸ் முழுவதும் கேட்கும்படி.

ஊரிலிருந்த தமிழ்ப் புருஷன்மார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பியவர்கள் அப்படியே தலையைக் குனிந்துகொண்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் பள்ளத்தாக்கில் என் பக்கத்தில் நின்றார்.

"ம்," என்றார் வேதநாயகம். வீட்டில் காலமெல்லாம் சொல்லிய பதில், தானாக வந்துவிட்டது. பிறகு சுதாரித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, குன்றைப் பார்த்துச் சொன்னார்:

"இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவள் குரல் நீண்டது, ஊளையானது, லட்சம் குரலோடு சேர்ந்தது.

இப்போதெல்லாம் ஓநாய் தினமும் ஊளையிட்டு முடித்ததும் கொஞ்சம் காத்திருக்கிறது. ஊர் முழுவதும், எந்த மொழிக்காரராக இருந்தாலும், "இருக்கேன்" என்கிறார்கள். இங்கே இப்போது வளரும் லிதுவேனியப் பிள்ளைகள் அது கெடிமினாஸ் காலத்துச் சொல் என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. வேதநாயகம் பாலத்தில் குழாய்ச் சாவியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும்போல அதைச் சொல்கிறார். அதற்கு முன்னால் தனக்குள்ளாக ஒரு தடவை "ம்" என்கிறார்.